முட்டை லைசோசைமும் ஈஸ்ட் டிஆர்என்ஏவும்: சேலத்து ஆய்வகத்துக்கு எந்த முறை?

சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் புரதத்தின் அமைப்பையும் அசைவையும் திட்டப்பணிக்கு எடுக்கும் முதுநிலை மாணவர்கள் பெரும்பாலும் எம்டி சிமுலேஷனுக்கே, அதாவது மூலக்கூறின் அணு அசைவுகளைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறைக்கே, போகிறார்கள். கணினி ஒன்று போதும், ரசாயனச் செலவில்லை என்பதால் அது இயல்புதான். ஆனாலும் புரதம் என்றால் முதலில் ஒளிர்வு அளவீடு, ஆர்என்ஏ என்றால் யூவி உருகல் (சூடேற்றி, மடிப்பு குலைவதைப் புறஊதா உறிஞ்சலில் பார்ப்பது), சிமுலேஷன் அதற்குப் பிறகு என்பதே எங்கள் பரிந்துரை. சாதாரண ஃப்ளோரிமீட்டரும் யூவி ஸ்பெக்ட்ரோவும் பல துறைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை தரும் எண் சரியா தவறா என்று இன்னொருவர் அளந்து பார்த்துவிடவும் முடியும்.

புரதம்: ஒளிர்வா, சிமுலேஷனா?

மாதிரிப் புரதத்துக்கு அலைய வேண்டாம். நாமக்கல் முட்டை ஒன்றின் வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் லைசோசைம் என்ற நொதிப் புரதம் இருக்கிறது. அதன் ஐசோ எலெக்ட்ரிக் புள்ளி, அதாவது நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஹெச், 11ஐ ஒட்டியது. வெள்ளைக்கருவின் மற்ற புரதங்கள் அநேகமாக எல்லாம் அமிலத்தன்மை கொண்டவை. அதனால் பிஹெச் 8இல் சிஎம் செஃபரோஸ் போன்ற கேட்டயான் பரிமாற்றப் பத்தியில் (நேர் மின்னூட்டம் உள்ளவற்றைப் பிடிக்கும் குழாயில்) விட்டால் மற்றவை வழிந்தோட, லைசோசைம் ஒட்டிக்கொள்ளும். பிறகு உப்பை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். 280 நானோமீட்டரில் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. கரைசலின் உறிஞ்சல் 2.64. அளவை இதை வைத்தே கணக்கிடலாம்.

ஒளிர்வு முறையில் குவானிடின் ஹைட்ரோகுளோரைடைப் படிப்படியாகக் கூட்டிப் புரதத்தை அவிழ்க்கிறோம். இங்கே யூரியாவை நம்ப வேண்டாம். நான்கு டைசல்ஃபைடு பாலங்கள் (கந்தக அணுக்களின் பிணைப்புகள்) உள்ள லைசோசைம் நடுநிலை பிஹெச்சில் 8 மோலார் யூரியாவுக்கும் எளிதில் அசையாது. குவானிடினில் பாதி அவிழ்வது 4 மோலாரை ஒட்டி நிகழும். எனவே 0 முதல் 7 மோலார் வரை 0.5 இடைவெளியிலும், 3க்கும் 5க்கும் நடுவே 0.2 இடைவெளியிலும் குழாய்கள் தயாராகட்டும். புரதம் மி.லி.க்கு 0.05 மி.கி., பஃபர் 50 மில்லிமோலார் பாஸ்பேட், பிஹெச் 7. குவானிடினைக் கரைத்த பிறகு பிஹெச்சை மறுபடி சரிபார்க்க வேண்டும். இரவு முழுக்க வைத்திருந்து, 295 நானோமீட்டர் ஒளியால் புரதத்தின் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைத் தூண்டி, அது உமிழும் ஒளிர்வை 310 முதல் 400 வரை பதிவு செய்யலாம்.

சிக்கல்கள் வழக்கமாக நான்கு இடங்களில் வருகின்றன. முதலாவது, தண்ணீரின் ராமன் சிகரம், அதாவது தண்ணீரே சிதறடிக்கும் ஒளி. 295இல் தூண்டினால் அது 328ஐ ஒட்டி எழும். மடிந்த புரதத்தின் ஒளிர்வின் மேலேயே வந்து உட்காரும். ஒவ்வொரு குவானிடின் செறிவுக்கும் தனி வெற்று மாதிரி (புரதம் இல்லாத கரைசல்) வைத்துக் கழிக்காவிட்டால் வளைவு கோணலாகும். இரண்டாவது, அடர்த்தியான குவானிடின் பிப்பெட்டில் ஒட்டிக்கொண்டு அளவைக் குறைக்கும். செறிவை ரெஃப்ராக்டோமீட்டரில் (ஒளிவிலகல் மானியில்) அளந்து எழுதுங்கள், கணக்குப்படி எழுதாதீர்கள். மூன்றாவது, உச்ச அலைநீளம் 340இலிருந்து 350க்கு நகர்வதை நேரடியாக வரைந்து, பாதி அவிழும் புள்ளியை எடுப்பது. மடிந்ததும் அவிழ்ந்ததும் வெவ்வேறு பிரகாசத்தில் ஒளிர்வதால் உச்சத்தின் நகர்வு அவற்றின் விகிதத்தோடு நேர்கோட்டில் போகாது. பிரகாசமான நிலை தன் பக்கம் இழுத்துவிடும். ஒரே அலைநீளத்தின் ஒளிர்வு அளவைத்தான் பொருத்த வேண்டும். நான்காவது, சேலத்துச் சித்திரை வெயில். காலையில் 28 டிகிரியில் இருந்த அறை பிற்பகலில் 36ஐத் தொட்டால் டிரிப்டோபேன் ஒளிர்வு தானாகவே குறையும். குவெட் (மாதிரிக் குப்பி) தாங்கியில் பெல்டியர் என்ற வெப்பக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் நீர்க்குளியலை 25இல் நிறுத்தி அதையே சுற்ற விடுங்கள்.

சிமுலேஷன் பக்கம் வருவோம். புரதத் தரவு வங்கியில் 1ஏகேஐ என்ற எண்ணில் உள்ள லைசோசைம் படிக அமைப்பை எடுத்து, சுவருக்கு 1 நானோமீட்டர் விட்டுப் பெட்டி கட்டி, தண்ணீர் நிரப்பி, புரதத்தின் +8 மின்னூட்டத்தைச் சமன்செய்ய 8 குளோரைடு போட்டு, 100 பிகோநொடி வீதம் இரு சமநிலைப்படுத்தல் முடித்தால் குரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டம் தயார். 2 ஃபெம்டோநொடிப் படியில் 100 நானோநொடி என்றால் 5 கோடிப் படிகள். நடுத்தர ஜிபியூ இதை ஒரு நாளுக்குள் முடித்துவிடும். மின்சாரம் போனாலும் கலங்க வேண்டாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் கோப்பு பதிவாகிறது, அதிலிருந்தே தொடரலாம். ஆர்எம்எஸ்டி (தொடக்க அமைப்பிலிருந்து அணுக்கள் சராசரியாக விலகிய தூரம்) திடீரென எகிறினால் புரதம் அவிழ்ந்துவிட்டதாக முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் மூலக்கூறு பெட்டியின் ஓரத்தைத் தாண்டி மறுபக்கம் நுழைந்திருக்கும். முதலில் அதை முழுமையாக்கி நடுவே வைத்து, பிறகு அளக்க வேண்டும்.

எந்த வளையம் ஆடுகிறது, எந்தப் பக்கச்சங்கிலி திரும்புகிறது என்பதைச் சிமுலேஷன் அணு அணுவாகக் காட்டும். ஒளிர்வுக்கு அந்தத் திறன் இல்லை. ஆனால் புரதத்தின் நிலைப்பு பற்றி 100 நானோநொடி எதுவும் சொல்லாது. அதை 10,000 மடங்காக்கினால்தான் ஒரு மில்லிநொடி வரும். லைசோசைம் மடிவதற்கோ அதற்கும் மேலே ஆகும். “100 நானோநொடியில் நிலையாக இருந்தது” என்ற வரி பல ஆய்வேடுகளில் முடிவுரையாக நிற்பது வருத்தம் தருகிறது.

படிகம்

எக்ஸ்கதிரால் அமைப்பைக் காண லைசோசைமைப் படிகமாக்குவது மூன்றாவது வழி. 50 மில்லிமோலார் சோடியம் அசிடேட், பிஹெச் 4.6, 6 சதவீத உப்பு, மி.லி.க்கு 30 மி.கி. புரதம்: தொங்கு துளி முறையில் (மூடியில் தொங்கும் துளியிலிருந்து நீர் மெல்ல ஆவியாகும்) ஓரிரு நாளில் படிகம் வரும். 25 டிகிரியைத் தாண்டினால் நான்முக வடிவத்துக்குப் பதில் செஞ்சாய்சதுர வடிவம் தலைதூக்கும், கரைதிறனும் கூடும். அதனால் கோடையில் குளிர்பெட்டி இல்லாத சேலத்து அறையைவிட ஏற்காட்டுக் குளிரே இந்த வேலைக்கு ஏற்றது. கைப்பழக்கத்துக்கு அருமையான பயிற்சி. ஆனால் டேவிட் பிலிப்ஸ் குழு 1965இலேயே தீர்த்த அமைப்பு இது. இந்தூரின் இந்தஸ்-2 சின்க்ரோட்ரான் எக்ஸ்கதிர் ஒளிக்கற்றையில் நேரம் கிடைக்கும் என்றால் மட்டும், புதிய புரதத்தோடு இறங்கலாம்.

ஆர்என்ஏ: இங்கே சிமுலேஷன் இன்னும் பின்தங்குகிறது

ஆர்என்ஏவின் முப்பரிமாண மடிப்புக்கு மக்னீசியம் அயனி வேண்டும். சேலத்தின் மேக்னசைட் சுரங்கங்கள் உலைச் செங்கலுக்குத் தரும் அதே தனிமம், இங்கே பாஸ்பேட்டுகளின் விலக்கத்தை அடக்கி வளைவுகளை நெருக்கிப் பிடிக்கிறது. மக்னீசியத்தைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்று விலகி இன்னொன்று வர ஒரு மைக்ரோநொடிக்கு மேல் ஆகும். ஆகவே 100 நானோநொடி ஓட்டத்தில் அயனியை எங்கே வைத்தீர்களோ, அந்த ஒட்டு அநேகமாக அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதக் கூடாது.

யூவி உருகலுக்கு ஈஸ்ட் டிஆர்என்ஏ (அமினோ அமிலங்களைக் கொண்டுசேர்க்கும் சிறிய ஆர்என்ஏ) மலிவாகக் கிடைக்கும். 260 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.5 அளவுக்கு எடுத்து, 10 மில்லிமோலார் சோடியம் கேக்கோடிலேட் பஃபரில், நிமிடத்துக்கு 0.5 டிகிரி வீதம் 20இலிருந்து 90 வரை ஏற்றவும். டிரிஸ் பஃபர் வேண்டாம், ஒரு டிகிரிக்கு அதன் பிஹெச் 0.028 இறங்கும். கேக்கோடிலேட்டில் ஆர்சனிக் உண்டு, கையுறையும் தனிக் கழிவுக் குடுவையும் கட்டாயம். மேலே மினரல் ஆயில் ஒரு படலம் விட்டால் ஆவியாகாது. மக்னீசியம் இல்லாமல் ஒரு முறை, 2 மில்லிமோலாரில் ஒரு முறை அளந்தால், பல கட்டமாக உருகியது ஒரே கட்டத்துக்கு நெருங்கி மேல் வெப்பநிலைக்குப் போவது தெரியும். குளிர்விக்கும்போது வளைவு வந்த வழியே திரும்பாவிட்டால், சூட்டில் மக்னீசியம் சங்கிலியை நறுக்கிவிட்டதா என்று 8 மோலார் யூரியா ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாம் நிலை அமைப்புக்கு (சுருள், தாள் போன்ற மடிப்புகளுக்கு) சிடி நிறமாலை, அதாவது வட்ட முனைவுற்ற ஒளியின் உறிஞ்சல் வேறுபாடு, வேண்டுமென்றால் பெங்களூரோ சென்னையோ போக வேண்டியிருக்கும். புரதத்தை 10 மில்லிமோலார் பாஸ்பேட்டில் டயாலிசிஸ் செய்து, மி.லி.க்கு 0.2 மி.கி. அளவில், வெளிப்புற டயாலிசிஸ் பஃபரையும் ஒரு குப்பியில் சேர்த்துக் கொண்டுபோங்கள். வெற்று மாதிரிக்கு அதுதான் வேண்டும். சோடியம் குளோரைடு 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கும், உப்பு தேவைப்பட்டால் சோடியம் ஃப்ளோரைடு. ஆர்என்ஏவை எத்தனாலில் வீழ்படிவாக எடுத்துச் சென்றால் பேருந்துப் பயணச் சூட்டையும் தாங்கும். அங்கே சுழற்றி, உலர்த்தி, பஃபரில் கரைத்து, 95 டிகிரியில் 2 நிமிடம் சூடாக்கி, அறை வெப்பத்துக்கு இறங்கிய பிறகே மக்னீசியம் சேர்க்கவும்.