மதுரையில் ரூம் போடும்போது எந்த வசதி உண்மையிலேயே காசை மிச்சப்படுத்தும்?

சென்னையில் இரவு ஏறினால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் மதுரையில் இறக்கிவிட்டுவிடும். குடும்பத்தோடு மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களில் ஏகப்பட்ட பேர் இப்படித்தான் வருகிறார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது அதிகாலை ஐந்தரை, ஆறு மணி இருக்கும். குளிக்க வேண்டும், பிள்ளைகள் உடை மாற்ற வேண்டும், கூட்டம் சேர்வதற்குள் கோயிலுக்குப் போக வேண்டும். பதிவு செய்திருக்கும் ஹோட்டலிலோ செக்-இன் பகல் 12 மணி. அந்த ஆறு மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? அறை தேடும்போது இதை யாரும் பார்ப்பதில்லை. காலை டிபன் இலவசம், வைஃபை இலவசம், நீச்சல்குளம் உண்டு என்ற வரிகளில்தான் கண் போகிறது.

நான் பார்க்கும் கணக்கு ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரில், அந்தப் பயணத்தில், எப்படியும் கைக்காசு போட்டுச் செய்யப்போகிற ஒரு செலவை எந்த வசதி இல்லாமல் ஆக்குகிறதோ, அதுதான் மிச்சம். மற்றதெல்லாம் வாடகைக்குள் நாமே கட்டிவிட்ட காசு. அதனால்தான் மதுரையில் பிரயோசனமில்லாத ஒரு வசதி கொடைக்கானலில் நிறைய மிச்சம் தரும். கீழே வரும் வாடகை, ஆட்டோத் தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. சீசனுக்கும் ஊருக்கும் தகுந்தபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

24 மணி நேரமா, பகல் 12 மணியா

மதுரை ஜங்ஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் நடந்தால் '24 மணி நேர செக்-அவுட்' என்ற அறிவிப்பைப் பல லாட்ஜ்களில் பார்க்கலாம். ரிசப்ஷன் ரெஜிஸ்டரில் பெயரும் நேரமும் எழுதும் நிமிடத்திலிருந்து வாடகை ஓட ஆரம்பிக்கும். காலை 6 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை 6 வரை அறை நம்முடையது. இதற்குப் போட்டி, பகல் 12 முதல் மறுநாள் பகல் 12 வரை ஒரு நாள் என்று வைத்திருக்கும் ஹோட்டல்.

24 மணி நேர லாட்ஜில் வாடகை 1,800 ரூபாய், 12 மணி ஹோட்டலில் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வந்து அன்று இரவு ரயிலுக்கே திரும்புகிற குடும்பம் என்றால், லாட்ஜில் 1,800 ரூபாயோடு வேலை முடிந்தது. ஹோட்டலிலோ காலை 6 மணிக்கு அறை கேட்டால் அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்பார்கள். 1,500 ரூபாயும் 750 ரூபாயும் சேர்ந்து 2,250. சில இடங்களில் முந்தைய நாளின் முழு வாடகையையும் கேட்பார்கள், அப்போது 3,000. குறைந்த வாடகை என்று எடுத்த அறைதான் விலை கூடிப்போகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டு 24 மணி நேரமே எப்போதும் லாபம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே குடும்பம் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் இரவு ரயிலுக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். காலை 6 மணியிலிருந்து மறுநாள் இரவு எட்டரை வரை 38 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். லாட்ஜில் இரண்டு நாள் வாடகை, 3,600 ரூபாய். ஹோட்டலில் அதிகாலை நுழைவுக்கு 750, ஒரு நாளுக்கு 1,500. மறுநாள் பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்து பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டால் மொத்தம் 2,250. மாலை வரை அறை வேண்டும் என்று இன்னொரு அரை நாள் கட்டினாலும் 3,000-தான். இந்தப் பயணத்துக்கு 12 மணி ஹோட்டல்தான் சரி. ஆனால் பெட்டியை வைக்க இடம் தருவார்களா, சாயங்காலம் முகம் கழுவி உடை மாற்ற ஒரு குளியலறை திறந்துவிடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். விளம்பரத்தில் இந்த இரண்டையும் போடவே மாட்டார்கள். மிச்சம் இருப்பதோ இதில்தான்.

காரில் மதியம் 2 மணிக்கு வந்து மறுநாள் 11 மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எது குறைவோ அதை எடுக்கலாம்.

கேட்கும் விதம் முக்கியம். "செக்-அவுட் எப்போ?" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் வரும். "அண்ணே, காலைல ஆறு மணிக்கு வந்து ரூம் போட்டா எத்தனை மணி வரைக்கும் இருக்கலாம்? அதுக்கு மேல ஆச்சுன்னா அரை வாடகையா, முழு வாடகையா?" என்று போனில் கேளுங்கள். போனில் கேட்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 24 மணி நேர லாட்ஜாகவே இருந்தாலும், செயலி வழியாகப் பதிவு செய்தால் செயலியில் போட்டிருக்கும் 12 மணிக் கணக்குதான் செல்லும் என்று சொல்கிற இடங்கள் உண்டு.

குளித்து உடை மாற்றினால் போதும், படுக்கத் தேவையில்லை என்றால் ரயில் நிலைய ஓய்வறையையும் பார்க்கலாம். உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசி-யோ இருந்தால், பிஎன்ஆர் எண்ணைப் போட்டு ஐஆர்சிடிசி வழியாக முன்பதிவு செய்யலாம். இடம் கிடைப்பதுதான் கடினம்.

டிபன் சேர்த்த வாடகை, சேர்க்காத வாடகை

ஹோட்டல்காரர்கள் பேச்சில் அறை மட்டும் என்றால் ஈ.பி., காலை டிபனோடு என்றால் சி.பி., டிபனும் இன்னொரு வேளைச் சாப்பாடும் என்றால் எம்.ஏ.பி., மூன்று வேளையும் என்றால் ஏ.பி. போனில் இந்த எழுத்துகளைச் சொல்லி நான்கு வாடகையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். 'இலவச டிபன்' எவ்வளவு இலவசம் என்பது ஈ.பி.க்கும் சி.பி.க்கும் உள்ள வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

நான்கு பேருக்கு அந்த வித்தியாசம் 800 ரூபாய் என்றால், மதுரையில் நான் சி.பி. எடுக்கச் சொல்ல மாட்டேன். தெருவுக்குத் தெரு டிபன் கடை இருக்கும் ஊர் அது. இட்லி, பொங்கல், வடை, காபி என்று வயிறு நிறையச் சாப்பிட்டாலும் சாதாரண சைவ ஹோட்டலில் ஆளுக்கு 100, 120 ரூபாயில் முடியும். தட்டில் விழும் இட்லி, ஹோட்டல் பஃபேயில் மூடி போட்டு வைத்திருப்பதைவிடப் பஞ்சாகவும் இருக்கும். அப்புறம் நேரமும் ஒத்துவராது. பஃபே திறக்க ஏழு, ஏழரை ஆகும். அதிகாலைத் தரிசனத்துக்குப் போனவர்கள் பசியோடு வெளியே வரும்போது கண்ணெதிரே காபிக் கடை. அறைக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிடுவோம் என்று பிள்ளைகளைக் காக்க வைக்க யாருக்கு மனசு வரும்?

கொடைக்கானலில் இது அப்படியே தலைகீழ். வாடகை கட்டுப்படியாகும் இடங்கள் பெரும்பாலும் ஏரியை விட்டுத் தள்ளி, ஒரு சரிவில் இருக்கும். காலை டிபனுக்கு டவுனுக்கு வருவதென்றால் டாக்ஸிக்குக் கொடுக்க வேண்டும், குளிரில் பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். அங்கே சி.பி. நிச்சயம் மிச்சம். ராத்திரி வெளியே போக வழியில்லாத இடம் என்றால் எம்.ஏ.பி. இன்னும் நல்லது. ஏ.பி. மட்டும் வேண்டாம். பகல் முழுக்க தூண் பாறை, குணா குகை என்று சுற்றிக்கொண்டிருக்கும்போது, காசு கட்டிய மதியச் சாப்பாடு ஹோட்டலில் ஆறிக்கொண்டிருக்கும்.

கோயிலுக்குப் பக்கமா, பைபாஸிலா

பைபாஸ் ஹோட்டல்களில் அறை பெரிதாக இருக்கும், வாடகையும் சில சமயம் குறையும். மீனாட்சியம்மன் கோயில் நடையோ பகல் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று தரிசனம் செய்கிற குடும்பம் அந்த வெயில் நேரத்தில் எங்கே போகும்? அறைக்குத்தான். ஒரு நாளைக்குப் போக்குவரத்து இரண்டு நடை இல்லை, நான்கு நடை. ஒரு நடைக்கு ஆட்டோ 150 ரூபாய் என்றாலும் 600. பைபாஸில் வாடகை 300 ரூபாய் குறைகிறது என்றால், அதைப் போல இரண்டு மடங்கு ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. டவுன்ஹால் ரோட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். செல்போனைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், நடந்து போகும் தூரத்தில் அறை இருந்தால் போனை அங்கேயே வைத்துவிட்டுப் போகிற நிம்மதியும் உண்டு.

சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. மாசி வீதிகளைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. பார்க்கிங் உள்ள ஹோட்டலில் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போவதே மேல்.

மதுரையோடு ராமேஸ்வரமும் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வசதியைச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி. 22 தீர்த்தங்களிலும் நீராடி வரும்போது வீட்டில் அத்தனை பேர் உடுப்பும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். உலர்ந்த உடை மாற்றிக்கொண்டுதான் சாமி பார்க்கப் போக வேண்டும். ஈரத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால் நாற்றம் எடுத்துவிடும். லாண்டரிக்குப் போட்டால் சட்டைக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக விலை. மாடியைத் திறந்துவிடுகிற லாட்ஜில் கடல் காற்றுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும். "மாடில துணி காயப்போடலாமா தம்பி?" என்று கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

மலையில் கேட்க வேண்டியவை

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் முதல் கேள்வி வெந்நீர். 'காலை 6 முதல் 9 வரை' என்றால் ஒரு குளியலறைக்கு நான்கு பேர் வரிசையில் நிற்க வேண்டும். அறையிலேயே கீசர் இருந்தால் அந்தக் கவலை இல்லை. அடுத்து ஹீட்டர். வாடகையில் சேர்ந்ததா, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாகவா? மூன்றாவது குடிநீர். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, கொடைக்கானலில் பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வேறு. ஹோட்டலில் சுத்திகரித்த தண்ணீர் பிடித்துக்கொள்ள வசதி இருந்தால் வீட்டிலிருந்து கொண்டுபோகும் எவர்சில்வர் பாட்டில்களே போதும்.

வண்டி வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: டிரைவர் படுக்க இடம் உண்டா? இதை நான் காசுக்காக மட்டும் சொல்லவில்லை. மலைக்குளிரில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுருண்டு படுத்த மனிதர்தான் மறுநாள் நம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப்போகிறார். 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்விடம் வேண்டும் என்று சொன்னது. ஆனாலும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பிவிடாமல் கேட்டுக்கொள்வது நல்லது. படுக்கையும் குளியலறையும் உள்ள டார்மிட்டரி இருந்தால் அவருக்கென்று தனி அறை எடுக்கும் செலவு மிச்சம்.

7,500 ரூபாய்க் கோடு

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதுவரை 12 ஆக இருந்தது. 7,500-ஐத் தாண்டினால் 18. பெரிய குடும்பத்தோடு சீசனில் போகிறவர்கள் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அறை பிரிக்க வேண்டும். 7,600 ரூபாய்க்கு ஒரு பெரிய ஃபேமிலி ரூம் எடுத்தால் வரியோடு 8,968. அதே ஹோட்டலில் 3,800 ரூபாய் அறை இரண்டு எடுத்தால் வரியோடு 7,980. கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் வித்தியாசம், குளியலறையும் இரண்டு கிடைக்கிறது. 7,500-க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஹோட்டலென்றால் உள்ளே இருக்கும் உணவகத்திலும் 18 சதவீதம். வெளியே சாதாரண ஹோட்டலில் 5-தான்.

நீச்சல்குளத்துக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பது, பகலில் அறையிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். வைஃபையைப் பார்த்து நம் ஊரில் அறை எடுக்கத் தேவையே இல்லை, எல்லார் போனிலும் டேட்டா இருக்கிறது. கெட்டில் மட்டும் கேட்டு வாங்குங்கள், கைக்குழந்தை இருந்தால் நடுராத்திரியில் வெந்நீருக்கு அலைய வேண்டாம். அறைக்குள் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜில் அவர்கள் வைத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்முன் விலையைப் பாருங்கள். ஹோட்டல்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உணவக பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால், அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற 2022-ம் வருட வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது.