தினம் 20 நிமிடம்: எலும்புக்கு வைத்த அல்ட்ராசவுண்ட்

அனுப்பானடியில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். மச்சினனுக்குக் கால் முறிந்து ராடு வைத்திருக்கிறார்களாம். "அண்ணே, நீங்க வச்சிருந்தீங்கள்ல ஒரு மெஷின், அதை வாங்கலாமா?" என்று கேட்டான்.

எனக்கும் அதே கதைதான். திருமங்கலம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம், எலும்பு சீக்கிரம் ஒட்டும் என்று விற்கிற அல்ட்ராசவுண்ட் மெஷினை வாங்கினோம். காதுக்குக் கேட்காத ஒலி அலையை எலும்புக்கு அனுப்பும் கருவி அது. பிசியோ சென்டரில் வலிக்கு வைக்கிறார்களே அல்ட்ராசவுண்ட், அது வேறு. இதன் வலு சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட்தான். சூடு, அதிர்வு எதுவும் தெரியாது. முறிந்த இடத்துக்கு மேலே ஜெல் தடவி, பட்டியால் கட்டி, தினம் 20 நிமிடம் வைக்க வேண்டும்.

என் பொறுமையைச் சோதித்தது அந்த ஜெல். சித்திரை வெயிலில் அது நீர்த்து, கெண்டைக்கால் வழியே வழிந்து ஓடியது. ஜெல் குறைந்தால் மெஷின் கத்தும். துடைத்து, மறுபடி தடவி, மறுபடி கட்டினால் முதலிலிருந்து 20 நிமிடம். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று விடிகாலையில் தெருவே வைகைக்குப் போய்விட்டது. நான் நாலாவது தடவையாகப் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதைவிடப் பெரிய கோபம் விற்றவர் மேல். "சீக்கிரம் ஒட்டிரும்" என்று சொன்னவர், 2016-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பற்றி வாய் திறக்கவில்லை. என்னைப் போலவே ராடு வைத்த 501 பேரில் ஒரு பாதிக்கு நிஜ மெஷின், மறு பாதிக்கு வேலை செய்யாத மெஷின். எலும்பு ஒட்டியதிலும் சரி, நடமாட்டம் திரும்பியதிலும் சரி, இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. எனக்கு ஐந்தாம் மாத எக்ஸ்ரேயில் ஒட்டியிருந்தது. ராடு மட்டும் இருந்திருந்தாலும் ஒட்டியிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாத்ரூம் போகக்கூட ஆள் தேடிய அந்த நாட்களில், என் காலுக்காக நானே செய்த ஒரே வேலை அதுதான். அந்த நேரம் எப்போது வரும் என்று தினமும் காத்திருப்பேன். புத்தூர் கட்டுப் போட்டிருக்கலாமே என்று வந்தவர்கள் எல்லாம் பயமுறுத்திய நேரத்தில், அந்த 20 நிமிடம் மனதைப் பிடித்து நிறுத்தியது.

தம்பியிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் மச்சினனைச் சிகரெட்டை விடச் சொல், அது எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும் என்றேன். மாதக்கணக்காகியும் ஒட்டாமல் நின்றுபோன எலும்பு வேறு விஷயம். அதற்கு, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2000-இல் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்திருக்கிறது, அப்படி ஆனால் டாக்டரிடம் கேட்கட்டும்.

போனை வைத்த பிறகு பீரோவிலிருந்து மெஷினை எடுத்துத் துடைத்து, சார்ஜ் போட்டேன். மச்சினன் கேட்டால் கொடுத்துவிடுவேன். காசு வேண்டாம்.