இல்லாத பாட்டுகளின் பட்டியல்: 12 ஆண்டு மியூசிக் லைப்ரரியைச் சுத்தம் செய்த அனுபவம்

என் மியூசிக் லைப்ரரிக்கு இப்போது 12 வயது. இதற்குள் மூன்று கணினி மாறிவிட்டது. பிளேயரும் பலமுறை மாறிவிட்டது. லைப்ரரியை மட்டும் ஒவ்வொரு முறையும் கூடவே எடுத்துவந்திருக்கிறேன். போன மாதம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 9,400 சொச்சம் பதிவுகள். அதில் 1,712ஐச் சொடுக்கினால் பாட்டு வராது. பெயர் இருக்கிறது, ஆல்பம் படம் இருக்கிறது, ஃபைல் மட்டும் அந்த இடத்தில் இல்லை.

இதெல்லாம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்பவர்களுக்கு: லைப்ரரிக்குள் பாட்டு எதுவும் கிடையாது. பாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது. ஃபோல்டரின் பெயரை மாற்றினால், டிரைவை மாற்றினால், விண்டோஸில் எக்ஸ்டெர்னல் டிரைவின் எழுத்து மாறிப்போனால்கூட முகவரி தவறாகிவிடும். பாட்டு பத்திரமாக இருக்கும், பதிவு செத்துவிடும்.

ஆனால் அந்தச் செத்த பதிவுக்குள் முகவரி மட்டுமா இருக்கிறது? எத்தனை தடவை கேட்டேன், எத்தனை நட்சத்திரம் கொடுத்தேன், எந்த நாளில் சேர்த்தேன், எல்லாம் அதில்தான் இருக்கிறது. பல பிளேயர்கள் இவற்றைப் பாட்டு ஃபைலுக்குள் எழுதுவதில்லை, தங்கள் டேட்டாபேஸில் மட்டும் வைத்துக்கொள்கின்றன. பதிவை நீக்கினால் அத்தனையும் போச்சு. மறுபடி ஸ்கேன் செய்தால் அதே பாட்டு திரும்ப வரும், ஆனால் ஒரு தடவைகூடக் கேட்காத புதுப் பாட்டாக வரும்.

இதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது என் பாட்டு முழுக்க ஒரு எக்ஸ்டெர்னல் டிரைவில் இருந்தது. பயன்படுத்திய பிளேயரில், திறக்கும்போதே காணாமல் போன பாட்டுகளைத் தானாக நீக்கும் வசதி இருந்தது. நல்ல வசதிதானே என்று அதை ஆன் செய்து வைத்திருந்தேன். ஒருநாள் டிரைவைச் செருகாமல் பிளேயரைத் திறந்துவிட்டேன். சில நொடிகளில் லைப்ரரி காலி. டிரைவைச் செருகி ஸ்கேன் செய்ததும் பாட்டெல்லாம் வந்துவிட்டது. நான்கு வருட நட்சத்திரங்கள் வரவில்லை. அன்றிலிருந்து தானாக நீக்கும் வசதியை எந்த பிளேயரிலும் நான் தொடுவதில்லை. நீக்கும் முன்பு டிரைவ் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டேட்டாபேஸ் ஃபைலை ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். நகல் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிளேயருக்கு பிளேயர் இந்த வேலை ரொம்ப மாறுபடுகிறது. விண்டோஸ் மீடியா பிளேயரில் ஒரு பாட்டை நீக்கும்போது, லைப்ரரியிலிருந்து மட்டுமா, கணினியிலிருந்துமா என்று கேட்கும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கும்போது அந்தக் கேள்வியை அவசரத்தில் கடந்துவிடக் கூடாது. தேர்ந்தெடுத்ததில் உயிரோடிருக்கும் பாட்டும் கலந்திருந்தால், ஃபைலே போய்விடும்.

ஐடியூன்ஸில் செத்த பாட்டுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வரும். அதையும் பிளேயர் அந்த ஃபைலைத் தேடிப்போன பிறகுதான் பார்க்க முடியும். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு நன்றாக வேலை செய்தது. சாதாரண பிளேலிஸ்ட் ஒன்றை உருவாக்கி, லைப்ரரியில் இருக்கும் அத்தனை பாட்டையும் அதில் இழுத்துப் போடுங்கள். ஃபைல் இல்லாதவை அதற்குள் போகாது. பிறகு, அந்த பிளேலிஸ்டில் இல்லாதவை என்ற ஒரே நிபந்தனையோடு ஒரு ஸ்மார்ட் பிளேலிஸ்ட் (நிபந்தனைக்குப் பொருந்தும் பாட்டுகளைத் தானாகச் சேர்ப்பது) போடுங்கள். செத்தவை மட்டும் வரிசையாக வந்து நிற்கும். யோசித்தவர் யாரோ, அவருக்கு நன்றி.

ஃபூபார்2000 என்ற பிளேயர் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. கண்காணிக்கச் சொன்ன ஃபோல்டரில் எது போனாலும் வந்தாலும் லைப்ரரியைத் தானே சரிசெய்துகொள்ளும். பிளேலிஸ்டில் தங்கிவிட்டவற்றை எடிட் மெனுவில் இருக்கும் 'ரிமூவ் டெட் ஐட்டம்ஸ்' துடைத்துவிடும். அதைவிட முக்கியம், கேட்ட எண்ணிக்கையைக் கணக்கு வைக்கும் அதன் கூடுதல் பாகம் முகவரியை நம்புவதில்லை. பாடியவர், ஆல்பம், பாட்டின் பெயர், வரிசை எண் ஆகியவற்றை வைத்து அடையாளம் காண்கிறது. அதனால் ஃபோல்டரை மாற்றினாலும் கணக்கு கூடவே வருகிறது. எல்லா பிளேயரும் இப்படி இருந்திருக்கலாம். கிளெமென்டைன் என்ற பிளேயரிலிருந்து பிரிந்து வந்த ஸ்ட்ராபெர்ரி பிளேயரில், மறைந்த பாட்டுகளை நீக்காமல், கிடைக்கவில்லை என்று குறித்து மட்டும் வைக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது. எக்ஸ்டெர்னல் டிரைவ் வைத்திருப்பவர்கள் அதை ஆன் செய்துகொள்ளலாம்.

நான் நீண்ட காலமாகப் புழங்குவது லினக்ஸில் ரிதம்பாக்ஸ் என்ற பிளேயர். ஃபைல் கிடைக்காத பாட்டுகளை இடது பக்கத்தில் தனிப் பட்டியலாகக் காட்டும். அங்கே ரைட் கிளிக் செய்து நீக்கலாம், ஆனால் நான் உடனே நீக்கவில்லை. அதன் லைப்ரரி ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து படிக்கலாம். என் 1,712இல் 906 பதிவுகள் நான் ஃபோல்டர் பெயர் மாற்றியதால் செத்தவை என்று அதிலேயே தெரிந்தது. அதே பாட்டுகள் புது முகவரியில், எண்ணிக்கை பூஜ்யத்தோடு, இன்னொரு முறையும் லைப்ரரியில் இருந்தன. முதலில் அந்தப் புதுப் பதிவுகளை நீக்கினேன். பிளேயரை மூடினேன், மூடாமல் திருத்தினால் அது வெளியேறும்போது நம் திருத்தத்தின் மேல் எழுதிவிடும். பிறகு எடிட்டரில் பழைய ஃபோல்டர் பெயரைப் புதியதாக மாற்றினேன். திறந்ததும் 906ம் பழைய நட்சத்திரங்களோடு உயிர்பெற்றன.

மிச்சத்தில் 388 பதிவுகள்தான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தன. ஃபோல்டர் சரி, ஃபைல் பெயர் சரி, ஃபைலும் அங்கேயே இருக்கிறது, ஆனால் பிளேயர் இல்லை என்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. ஆனால் தமிழ்ப் பெயர் உள்ள மற்ற பாட்டுகள் ஒழுங்காகப் பாடின. அப்புறம்தான் கவனித்தேன்: செத்தவை ஒவ்வொன்றின் பெயரிலும் எங்காவது ஒரு கொ, போ, தொ, மோ இருந்தது.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'ஒ'கரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது கொம்பும் காலுமாக இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். 'ஓ'காரத்துக்கும் 'ஔ'காரத்துக்கும் இதே கதைதான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். என் பாட்டுகள் நடுவில் இரண்டு ஆண்டு ஒரு மேக்கில் இருந்தன. அங்கிருந்து நெட்வொர்க் வழியாக ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு திரும்ப லினக்ஸுக்குக் கொண்டுவந்தேன். பெயர்கள் பிரிந்த வடிவிலேயே வந்து இறங்கின. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பிரிந்த கொவும் சேர்ந்த கொவும் அதற்கு வேறு வேறு பெயர்.

உறுதிசெய்ததும் அந்த எக்ஸ்எம்எல்லில்தான். அதில் தமிழ் முகவரி %E0%AE%95 போன்ற சதவீதக் குறிகளாக மாறியிருக்கும், ஒவ்வொரு யூனிகோட் குறியும் ஒன்பது எழுத்து நீளும். ஒரே பாட்டின் பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். புதியது சரியாக ஒன்பது எழுத்து கூடுதலாக இருந்தது. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. கான்வ்எம்வி என்ற சிறு கருவி பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றித் தரும். முதலில் என்ன செய்யப்போகிறேன் என்று காட்டிவிட்டு, நாம் தனியாகச் சொன்னால்தான் உண்மையில் மாற்றும். மாற்றினேன், 388ம் எழுந்துவிட்டன. பிரிந்த பெயரில் பதிவாகியிருந்த அவற்றின் இரட்டைகள் இப்போது செத்தவை பட்டியலுக்குப் போயின. அவற்றில் எந்தக் கணக்கும் இல்லை, தயங்காமல் நீக்கினேன்.

பிளேலிஸ்ட் ஃபைல்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். எம்3யு என்பது முகவரிகளை வரிவரியாக எழுதிய டெக்ஸ்ட் ஃபைல்தான், லைப்ரரியைச் சரிசெய்தால் அது தானாகச் சரியாகாது. முழு முகவரிக்குப் பதில், பிளேலிஸ்ட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் முகவரியாகச் சேமித்தவை எல்லாம் எனக்குத் தப்பித்துவிட்டன.

கடைசியில் உண்மையாகவே ஃபைல் இல்லாதவை 418. அதில் 230 நானே வேண்டாமென்று அழித்தவை, அவற்றை நீக்கிவிட்டேன். மீதி 188 எப்போது, எந்த டிரைவோடு போயின என்று தெரியவில்லை. சிலவற்றை நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன் என்று பதிவு சொல்கிறது. அவற்றை இன்னும் நீக்கவில்லை. பெயர், ஆல்பம், கேட்ட எண்ணிக்கை மூன்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இறக்கி, அதிகம் கேட்டது மேலே வருமாறு அடுக்கிவைத்திருக்கிறேன். பழைய சிடிக்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி கணினிக்கு ஏற்றுகிறேன். ஃபைலை அதே பெயரில் அதே ஃபோல்டரில் வைத்தால் பழைய பதிவே பிடித்துக்கொள்கிறது. இதுவரை 31 திரும்பிவிட்டன.