2,500 ரூபாய்க்கு ஒரு கலர் அட்டவணை (5-க்கு இரண்டரை)

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் ஒரு படிப்பு வழிகாட்டி மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். கட்டணம் 2,500. எங்களுக்கு இருந்தது ஒரே கேள்வி: எம்.பி.பி.எஸ்.ஸா, பி.வி.எஸ்சி.யா (கால்நடை மருத்துவம்), எதில் வருமானம்?

எனக்கு நாமக்கல் பக்கம் மாட்டுத்தீவனக் கடை. மாட்டு டாக்டர்களை நாள் தவறாமல் பார்க்கிறவள். அதனால் அவர்கள் நீட்டிய தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வழவழ காகிதம், இடப்பக்கம் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஆள், அடியில் 'ஆண்டுக்கு 30 லட்சம்'. வலப்பக்கம் நாய்க்குட்டி தூக்கிய பெண், '6 லட்சம்'. மேலே கொட்டை எழுத்தில் 'பேக்கேஜ்'.

"இந்த முப்பது யாருக்குங்க?"

"இதய டாக்டருக்கு மேடம்."

இதய டாக்டர் ஆக எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. நுழைவுத்தேர்வுக்குக் காத்திருக்கும் வருஷங்களைச் சேர்க்காமலே பதினொன்றரை ஆகிவிடுகிறது. நாய்க்குட்டிப் பெண்ணோ அதே ஐந்தரை வருஷம் படித்து இப்போதுதான் வெளியே வந்தவள். கறவை மாட்டையும் கிடாரிக் கன்றையும் ஒரே கொட்டத்தில் கட்டிவைத்துப் பால் கணக்குக் கேட்பது மாதிரி இருந்தது.

அரசு வேலையை எடுத்துக்கொண்டால் உதவி மருத்துவருக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு, கால்நடை உதவி மருத்துவருக்கு டி.என்.பி.எஸ்.சி. இரண்டுக்கும் ஊதிய நிலை 22தான், அடிப்படைச் சம்பளம் 56,100-இல் தொடங்குகிறது. இந்த ஒரு வரிக்காகவே நான் 2,500 கொடுத்திருப்பேன். அட்டவணையில் அது இல்லை. கடைக்கு வரும் டாக்டர் ஒருவர்தான் சொன்னார்.

பிரிவது அதற்கப்புறம். பி.ஜி. முடித்த மனுஷ டாக்டருக்குச் சாயங்காலம் கிளினிக் இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது. மனுஷ உயிர் என்றால் நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுகிறார்கள். மாட்டுக்கு அப்படி இல்லை. சந்தையில் மாடு என்ன விலை போகுமோ, அதைத் தாண்டி யாரும் வைத்தியத்துக்குச் செலவு செய்வதில்லை. போன தையில் எங்கள் தெருவிலேயே ஒரு மாடு ஈனும்போது வயிற்றுக்குள் கன்று தலை மடங்கிக் கிடந்தது. டாக்டர் விடியற்காலை நாலு மணிக்கு வந்து, தோள்பட்டை வரை சோப்பு நுரையோடு கையை விட்டு, ரெண்டு மணி நேரம் போராடி உயிரோடு எடுத்தார். கிடைத்தது ஆயிரம் ரூபாயும் ஒரு சொம்புப் பாலும். "பரவால்லீங்கக்கா, கன்னு நிக்குதுல்ல" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பெரிய ஊரில் நாய், பூனை பார்க்கிறவர் நிலவரம் வேறு. கோழிப்பண்ணைக் கம்பெனி டாக்டருக்கு மாதச் சம்பளமும் பெட்ரோல் காசும் உண்டு, ஆனால் பாதி நாள் மருந்து, தீவன விற்பனை அலைச்சல்தான். ஒரே பட்டத்துக்குள் இத்தனை வகை இருக்கும்போது 6 லட்சம் என்று ஒற்றை எண் எப்படிப் போட்டார்களோ.

படிப்புச் செலவுக்கும் கட்டம் இல்லை. மகளின் நீட் மார்க்குக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் அரசுக் கல்லூரி கிடைக்காது. தனியாரில் நிர்வாக ஒதுக்கீடுதான். அந்தக் கடனுக்கு வட்டி கட்டி முடிக்கும்வரை வரும் சம்பளத்தைச் சம்பளம் என்று எப்படிச் சொல்வது?

ஐந்துக்கு இரண்டரை மார்க் எதற்கு என்றால், அங்கே இருந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு. மகளை மட்டும் தனியே அழைத்து முக்கால் மணி நேரம் பேசினாள். வெளியே வந்ததும், "கால்நடைக்குத் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் நீட் பார்க்க மாட்டாங்கம்மா. பிளஸ் டூ உயிரியல் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, இருநூறுக்குக் கட் ஆஃப். விண்ணப்பம் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாப் போடணும், நீட் கவலையில் நிறையப் பேர் தேதியை விட்டுடறாங்க" என்றாள். அன்றைக்குக் கிடைத்த உருப்படியான தகவல் அதுதான். அந்த மாலையே விண்ணப்பம் போட்டோம்.

போகிறவர்கள் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் நேரம் கேளுங்கள். 2,500 என்று போனில் சொல்வார்கள், ஜி.எஸ்.டி. தனி என்பது பில் போடும்போதுதான் தெரியும்.