ஒரே கடை, இரண்டு அண்டா: அசாம் லக்சாவா, லெமாக் லக்சாவா?

மலேசியாவின் பினாங்குத் தீவு என்றால் பலருக்கும் ஜார்ஜ் டவுன் நகரம்தான். மலையைத் தாண்டித் தென்மேற்குப் பக்கம் போனால் பாலிக் பூலாவ் வரும். தீவின் பின்பக்கம் என்பதுதான் பெயருக்கே பொருள். டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் இருக்கிற ஊர். போன ஜூன் மாதம் நானும் சித்தப்பாவும் டுரியான் வாங்கப் போயிருந்தோம். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட முதல் கோப்பிக்கடையில் ஒதுங்கினோம். தகரக் கூரை, ஆடுகிற மேசை, முகப்பில் ஒரு ஒட்டுக்கடை. பெயர்ப்பலகைகூட இல்லை. இரண்டு அண்டாக்கள் மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"அசாம் கா, லெமாக் கா?" என்று கேட்டார் அந்தச் சீன ஆன்ட்டி.

லக்சா என்பது குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். அதில் புளிப்பா, தேங்காய்ப் பாலா என்பதுதான் கேள்வி. நான் தேங்காய்ப் பால் ஊற்றிய கறி மீ நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவன். தேங்காய்ப் பால் இல்லாத லக்சாவை லக்சா என்றே நினைத்ததில்லை. அசாம் லக்சா பக்கம் போனாலே மீன் வாடை என்று விலகிப் போய்விடுவேன். சிஎன்என் 2011-இல் வெளியிட்ட உலகின் 50 சிறந்த உணவுகள் பட்டியலில் பினாங்கு அசாம் லக்சாவுக்கு 7-ஆம் இடம் கிடைத்தபோதுகூட என் மனம் மாறவில்லை. அதனால் லெமாக் என்றேன். சித்தப்பாவும் லெமாக்தான். ஆன்ட்டி அண்டாவைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார். ஒரு கிண்ணத்துக்குத்தான் இருந்தது. "நீங்க சாப்பிடுங்க சித்தப்பா" என்றேன். அப்படித்தான் அசாம் லக்சா என் முன்னால் வந்தது.

முதல் வாய்க்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு தடவை மலை ஏறி இறங்கி, இரண்டு கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கடையில் ஒப்பிடுவது சுலபம். இரண்டுக்கும் நூடுல்ஸ் ஒன்றுதான்: அரிசியில் செய்த, உருண்டையான, தடித்த, வழவழப்பான லக்சா நூடுல்ஸ். இரண்டிலும் மீன்தான் அடிப்படை. மேலே தூவுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்: மெல்லியதாக அரிந்த வெள்ளரிக்காய், வெங்காயம், அன்னாசி, புதினா. ஆகவே நாக்கு தேர்ந்தெடுக்க வேண்டியது குழம்பை மட்டும்தான்.

அசாமை முதலில் சொல்கிறேன். கெம்போங் மீனை வேகவைத்து, முள்ளை நீக்கி, சதையைக் குழம்பிலேயே உதிர்த்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்த மீனைத்தான் கானாங்கெளுத்தி, அயலை என்கிறார்கள். மிளகாய், வெங்காயம், செராய் என்கிற எலுமிச்சைப்புல், பெலாச்சான் என்கிற இறால் விழுது எல்லாம் சேர்த்து அரைத்தது உள்ளே போகும். புளிப்புக்குப் புளியும் உண்டு, அசாம் கெப்பிங்கும் உண்டு. அசாம் கெப்பிங் என்பது காயைச் சீவிக் காயவைத்த துண்டுகள். நம் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். குடம்புளி போட்ட மீன் குழம்பு எப்படி ஆழமாகப் புளிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சை மாதிரி சுள்ளென்று வந்து போகிற புளிப்பு இல்லை. தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும்.

அப்புறம் வாசனை. கெசும் என்ற வாசனை இலை, புங்கா கந்தான் என்ற இரண்டும் இல்லாவிட்டால் இது வெறும் மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ்தான். புங்கா கந்தான் என்பது இஞ்சி இனத்துச் செடி ஒன்றின் இளஞ்சிவப்பு மொக்கு. அதைப் பொடியாக அரிந்து போடும்போது பூவும் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்த ஒரு மணம் கிளம்பும். இத்தனை வருடம் நான் பயந்த மீன் வாடையை அமுக்கி வைப்பது இந்த மொக்குதான்.

கிண்ணத்தை அவர் தயார் செய்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, மேலே கொதிக்கிற குழம்பை ஊற்றி, கரண்டியால் நூடுல்ஸை அணைத்துப் பிடித்துக்கொண்டு குழம்பைத் திரும்ப அண்டாவிலேயே வடித்தார். மறுபடி ஊற்றினார், மறுபடி வடித்தார். மூன்றாவது தடவைதான் நிரப்பினார். நூடுல்ஸ் உள்வரைக்கும் சூடாக வேண்டும் என்பதற்காக இத்தனையும். ஒரே தடவை ஊற்றிக் கொடுத்தால் ஆறின நூடுல்ஸ் குழம்பின் சூட்டை இழுத்துவிடும். அவசரத்தில் இதை விட்டுவிடுகிற கடைகளில் எவ்வளவு நல்ல குழம்பாக இருந்தாலும் பாதிக் கிண்ணத்திலேயே சப்பென்று ஆகிவிடுகிறது.

காரத்தில்தான் இரண்டும் நேர் எதிர். மிளகாயில் இருக்கிற கேப்சைசின் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. லெமாக்கில் தேங்காய்ப் பாலின் கொழுப்பு காரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் காரம் மெதுவாக, கடைசியில்தான் தெரியும். அசாமில் அந்த மெத்தை இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. காரத்தை உணர்கிற நரம்பு வாங்கியேதான் (receptor) கடும் சூட்டையும் உணர்கிறது, அமிலத்துக்கும் அது அசையும். மிளகாயை வைத்து இந்த வாங்கியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காரம், சூடு, புளிப்பு மூன்றும் ஒரே கதவைத் தட்டினால் என்ன ஆகும்? அன்று மழைக் குளிரில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியது. காது மடல் சுட்டது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

லெமாக்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இதைச் சியாம் லக்சா என்றும் சொல்வார்கள். சியாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். செராயும் பேரரத்தை இனத்து லெங்குவாஸும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து மணக்கும்போது அந்தப் பெயர் சரிதான் என்று தோன்றுகிறது. சித்தப்பா முழுக் கிண்ணத்தையும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார். அவர் சாப்பாட்டில் பேசாமல் இருப்பது அபூர்வம். வாய்க்கு இதமானது, மீன் வாடை பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றது, வயிறும் நிறையும். சின்னப் பிள்ளைகளோடு போனால் இதைத்தான் வாங்கித் தருவேன்.

ஆனால் லெமாக்குக்கு இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, தேங்காய்ப் பால் அதிகம் கொதித்தால் திரிந்துவிடும். காலையில் பட்டுப்போல இருக்கிற குழம்பு, நாள் முழுக்க அடுப்பில் இருந்தபின் பிற்பகலில் எண்ணெய் தனியாக மிதந்து நிற்கும். அசாமோ நேரம் ஆக ஆகக் கெட்டியாகி, மீனும் புளிப்பும் ஒன்றுசேர்ந்து இன்னும் நன்றாகும். நான் காலை 11 மணிக்கும் சாப்பிட்டேன், 3 மணிக்கும் சாப்பிட்டேன். 3 மணிக் கிண்ணம்தான் மேல். இரண்டாவது சிக்கல் திகட்டல். லெமாக்கில் முதல் ஐந்து வாய் அருமை. பத்தாவது வாய்க்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. அசாமில் ஒரு வாயில் அன்னாசி இனிக்கும், அடுத்த வாயில் வெங்காயம் உறைக்கும், அதற்கடுத்து புதினா. கடைசிச் சொட்டு வரைக்கும் புதிதாகவே இருக்கிறது.

இங்கே கறி மீ என்ன ஆனது என்று கேட்பீர்கள். பினாங்கில் கறி மீ, கோலாலம்பூர்ப் பக்கம் கறி லக்சா. மஞ்சள் மீயும் மீகூன் என்கிற மெல்லிய அரிசி நூடுல்ஸும் கலந்து, தௌபோக் என்கிற பொரித்த டோஃபு, இறால், சிப்பி எல்லாம் போட்டு, ஓரத்தில் சம்பல் என்கிற மிளகாய் விழுது வைத்துத் தருவது. அது வேறு வகை. மீன் உதிர்த்த குழம்பு கிடையாது. அதன் மஞ்சள் மீயில் காரத்தன்மையுள்ள (alkaline) நீர் சேர்ப்பதால் ஒரு தனி வாடை உண்டு. தேங்காய்ப் பால் அதை மூடிவிடும், புளிக்குழம்பில் அது துருத்திக்கொண்டு தெரியும். தௌபோக் குழம்பை உறிஞ்சி வைத்திருக்கும், கடித்ததும் சூடாக வாயில் பீய்ச்சும். அந்த இன்பத்துக்காக நான் இன்னும் கறி மீ சாப்பிடுகிறேன். ஆனால் பினாங்குக் கறி மீயில் பன்றி ரத்தக் கட்டிகள் போடும் வழக்கம் உண்டு. வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சரவாக் மாநிலத்து லக்சா மீகூனும் இறாலும் முட்டைக் கீற்றும் போட்ட இன்னொரு நல்ல பாதை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அசாம், லெமாக், கறி மீ எதுவாக இருந்தாலும் இறால் சம்பந்தம் இல்லாமல் இருக்காது. பெலாச்சான் அரைப்பிலேயே கலந்திருக்கும். "இறால் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

என் தேர்வு அசாம்தான், சந்தேகமே இல்லை. தேங்காய்ப் பால்தான் நம் நாக்குக்குப் பக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். புளி, மிளகாய், வெங்காயம், உதிர்ந்த மீன். அம்மா வைக்கிற மறுநாள் மீன் குழம்புக்குக் கறி மீயை விட இதுதான் நெருக்கம். சித்தப்பாவிடம் சொன்னேன். என் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாண்டா, அண்ணி கை மணம்" என்றார். ஆனாலும் அடுத்த முறை வந்தபோதும் லெமாக்தான் கேட்டார். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து கேட்பவர்களும் உண்டு. நானும் முயன்றேன். புளிப்பும் போய், பாலின் இதமும் போய்விட்டது. எனக்குப் பிடிக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஹேகோ பற்றிச் சொல்லிவிடுகிறேன். அசாமோடு ஒரு கரண்டியில் கறுப்பாக, பாகு மாதிரி வருமே, அதுதான் ஹேகோ. இனிப்பும் உப்பும் சேர்ந்த இறால் விழுது. வந்ததும் முழுவதையும் கலக்கிவிடாதீர்கள். முதல் பாதியை அப்படியே சாப்பிடுங்கள். பிறகு கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்துக் கரையுங்கள். குழம்பு கறுத்து, புளிப்பு கொஞ்சம் இறங்கி, கிண்ணமே வேறாகிவிடும். பக்கத்தில் ஒரு ஜாதிக்காய் ஜூஸும் சொல்லி வையுங்கள். அந்த ஊர்க் காய்.