ஞாயிற்றுக்கிழமை கிளை திறந்திருக்கும், தலைமையகம் மூடியிருக்கும்

மலேசியாவின் வடக்கே, தாய்லாந்து எல்லையோரம் இருக்கிற கெடா மாநிலத்தில் வெள்ளி, சனி விடுமுறை. கோலாலம்பூரில் சனி, ஞாயிறு. கெடாவின் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இந்த இரண்டு விடுமுறைக்கும் நடுவில் ஒரு காடி (கார்) இன்சூரன்ஸ் காகிதம் எப்படி மாட்டிக்கொண்டு நிற்கும் என்பதை இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்குப் போனபோது கூடவே இருந்து பார்த்தேன்.

வேண்டியது சின்ன விஷயம். அண்ணன் காடியில் எல்லாருமாகத் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரத்துக்குப் போகவேண்டும், கிம் யோங் சந்தையில் முந்திரி வாங்கவேண்டும், திரும்பவேண்டும். மலேசியாவில் எடுக்கும் சாதாரணக் காடி பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்கும் செல்லும். தெற்கே ஜொகூர் பாலம் தாண்டினால் பாலிசியும் கூடவே வரும். வடக்கே புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக் கேட்டோடு இறங்கிக்கொள்ளும். தாய்லாந்திலும் செல்லவேண்டும் என்றால், கம்பனிக்குக் கூடுதலாகப் பணம் கட்டி எண்டோர்ஸ்மெண்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் இணைப்புக் காகிதம், வாங்கவேண்டும்.

“அதெல்லாம் எதுக்கு? எல்லைக்கு முன்னாடி சங்லுன்ல தாய்லாந்து இன்சூரன்ஸ் துண்டு எடுத்தா போதும். அப்பா காலத்துலேருந்து அப்படித்தானே போறோம்,” என்றார் அண்ணன்.

அப்பா காலத்தில் போர்டர் பாஸை நீட்டிவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் டானோக்கில் பசியாறிவிட்டு, மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். அதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சங்லுன் துண்டு என்ன செய்யும், என்ன செய்யாது என்று அப்பாவும் கேட்டதில்லை, அண்ணனும் கேட்டதில்லை. அது தாய்லாந்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் கட்டாயமான இன்சூரன்ஸ். அடிபட்ட ஆளுக்குத்தான் காசு: மருத்துவச் செலவுக்கு 80,000 பாட் வரை, உயிர் போனால் 5,00,000 பாட் வரை. நம் காடி நசுங்கினாலும் சரி, எதிரே வந்தவன் காடி நசுங்கினாலும் சரி, அதிலிருந்து ஒரு காசு வராது. அண்ணன் காடிக்கு இன்னும் பேங்க் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணி என் பக்கம் சேர்ந்துகொண்டதற்கு அதுதான் காரணம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பினோம். சாயங்காலம் பதில் வந்தது: “சண்டே.” வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிறு காலையில் கம்பனிக் கிளை திறந்ததும் நாங்கள்தான் முதல் ஆள். உள்ளே குளிர்சாதனம் எலும்பைக் குடைந்தது. ஆளே இல்லாத இடத்தில் மிஷினில் டோக்கன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். கவுண்டரில் இருந்த பெண் கிராண்ட் (காடிப் பதிவுப் பத்திரம்), ஐசி (அடையாள அட்டை), பாலிசி எல்லாவற்றையும் வாங்கி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, அழகாக அடுக்கித் திருப்பித் தந்தாள். அண்ணன் பணப்பையை வெளியே எடுத்தார். அப்போதுதான், அதே சிரிப்போடு சொன்னாள்: “இதுக்குக் கேஎல் ஒப்புதல் வேணும். இன்னைக்குக் கேஎல் லீவு.” கேஎல் என்றால் கோலாலம்பூர், கம்பனித் தலைமையகம்.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை எதற்குத் திறக்கிறீர்கள் என்று கேட்டேன். பாலிசி புதுப்பிக்கலாம், முகவரி மாற்றலாம் என்றாள். அவள்மேல் தப்பில்லை. வெள்ளிக்கிழமை கேஎல் வேலை செய்கிறது, கிளை மூடி. ஞாயிறு கிளை வேலை செய்கிறது, கேஎல் மூடி. சனிக்கிழமை இரண்டுமே மூடி. ஆகவே எல்லை தாண்டப்போகிற கெடாக்காரன் வாரக் கடைசியில் இந்தக் கம்பனியை நம்பிப் பயனில்லை. ஆனால் வாரக் கடைசியில்தானே ஐயா ஜனம் ஹாட்யாய் போகும்? கம்பனி ஆரம்பித்து இத்தனை காலத்தில் ஒருவருக்குமா இது தோன்றவில்லை?

லண்டனில் இருந்தால் இந்த நேரத்துக்கு நான் டோவரில் கப்பல் ஏறியிருப்பேன். 2021 ஆகஸ்ட் 2 முதல் பிரிட்டன் காடி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகப் பச்சை அட்டைகூட (இன்சூரன்ஸ் இருப்பதற்கான சான்று) வேண்டாம். சட்டம் கேட்கிற குறைந்தபட்சப் பாதுகாப்பு பாலிசியிலேயே இருக்கிறது. நம் சொந்தக் காடிக்கும் சேர்த்து முழுசாக வேண்டுமென்றால் அங்கேயும் பாலிசியைப் படித்துப் பார்க்கவேண்டும், சிலதில் கேட்டு வாங்கவேண்டும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குச் சோபாவில் படுத்தபடியே கேட்கலாம். ஆசியான் நாடுகளும் 2001இல் கோலாலம்பூரில் கட்டாயக் காடி இன்சூரன்ஸுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. அதற்கும் நீல அட்டை என்று ஒன்று உண்டு. அண்ணன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஒப்புதல் வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப், அரைப் பக்கம்கூட இல்லை. அண்ணி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் காடியிலும் ஒன்றைக் கைப்பையிலும் வைத்தார்.

மறுநாள் விடியுமுன்னே சங்லுன். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். அங்கே ஐந்து மணிக்குக் கேட் திறந்தால் இங்கே ஆறு. அதற்கு முன்பே ரோட்டோரக் கடைகளில் விளக்கு எரிகிறது. ஒரு சீன அக்கா, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கோப்பி. கிராண்டை ஒரு தரம் பார்த்தார். காடிக்கும் அதில் போகிறவர்களுக்கும் தாய்லாந்து கேட்கிற டிஎம்2, டிஎம்3 படிவங்கள் இரண்டும் அடித்தார். 2025 மே மாதத்திலிருந்து வந்திருக்கிற தாய்லாந்து ஆன்லைன் வருகை அட்டையையும் எல்லாருக்கும் அவரே போட்டார். கட்டாய இன்சூரன்ஸ் துண்டை மேலே வைத்து ஸ்டேப்ளர் அடித்து, “அண்ணே, ஹிலாங் பண்ணாதே,” என்றார் பாதித் தமிழில், பாதி மலாயில்: தொலைத்துவிடாதே என்று. கோப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. டோக்கன் இல்லை, கேஎல் ஒப்புதல் இல்லை. எனக்கு அவரைக் கம்பனித் தலைமையகத்துக்கே அனுப்பிவைக்கலாம் போல இருந்தது.

தாய்லாந்துப் பக்கத்துச் சடாவ் எல்லைச் சாவடியில் சங்லுன் காகிதங்களைத்தான் பார்த்தார்கள். காடியைத் தற்காலிகமாக உள்ளே விடும் சுங்கக் காகிதத்தை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதைத் திரும்பும்போது ஒப்படைக்கவேண்டும், கெடு தாண்டினால் நாளுக்கு 1,000 பாட் அபராதம். எண்டோர்ஸ்மெண்டை யாரும் கேட்கவில்லை. “பாத்தியா?” என்றார் அண்ணன். கேட்கமாட்டார்கள் அண்ணே, அது அவர்களுக்காக வாங்கியது இல்லை, உன் பேங்க் கடனுக்காக வாங்கியது என்றேன். ஹாட்யாய் ஊருக்குள் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனபோது அவரே அண்ணியிடம் கேட்டார்: “அந்தக் காகிதம் காடியிலதானே இருக்கு?”

ஊருக்குப் போகிறவர்கள், ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போதே வீட்டில் சொல்லி இதைக் கேட்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் திங்கள் முதல் புதனுக்குள் ஏஜெண்டைப் பிடியுங்கள். வியாழன் மத்தியானத்துக்கு மேல் வாட்ஸ்அப் அனுப்பிப் பிரயோசனமில்லை.