பழைய கணினியில் வலைச்செயலி திறக்கவில்லை: நிரலை மாற்றுவதா, பிரவுசரை மாற்றுவதா?

புதுக் கணினியில் ஜோராக ஓடும் செயலி விண்டோஸ் 7-இல் மட்டும் வெள்ளைத் திரையாக நிற்கிறதா? முதலில் எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலைப் பாருங்கள். விண்டோஸ் 7-க்குக் கடைசி குரோம் 109. பட்டியலை வரிசைப்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான 'டூசார்ட்டட்' (toSorted) வந்தது 110-இல். ஒரே ஒரு பதிப்பு வித்தியாசம், பக்கமே காலி!

செலவு
நிரல்: உங்கள் தலையில்தான். மறுபடி பில்ட், மறுபடி சோதனை.
பிரவுசர்: இலவசம். ஃபயர்பாக்ஸ் 115 இ.எஸ்.ஆர். (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) விண்டோஸ் 7-இலும் ஓடும், டூசார்ட்டடும் அதற்குத் தெரியும்.

வேகம்
நிரல்: பாலிஃபில் (பழைய பிரவுசரில் இல்லாத கட்டளைகளை ஈடுகட்டும் நிரல்துண்டு) ஏற ஏறக் கோப்பு கனக்கும்.
பிரவுசர்: அந்தத் தொல்லை இல்லை.

பிழை வகை
'சின்டாக்ஸ் எரர்' என்றால், புதிய எழுத்துமுறையைப் பழையதாக மாற்றும் கருவியான பேபல் வேண்டும். 'நாட் எ ஃபங்ஷன்' என்றால் பெரும்பாலும் பாலிஃபில். பேபலை மட்டும் போட்டுவிட்டு "இன்னும் ஓடலையே" என்று புலம்புபவர்கள்தான் அதிகம். சான்றிதழ்ப் பிழையா? நிரலில் கைவைத்துப் பயனில்லை; ரூட் சான்றிதழ்களை (தளங்களை நம்பலாமா என்று பார்க்க உதவும் அடிப்படைச் சான்றிதழ்களை) தன்னோடே கொண்டுவரும் ஃபயர்பாக்ஸ் பெரும்பாலும் கைகொடுக்கும்.

கணினிகள் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் யோசிக்காமல் பிரவுசரை மாற்றுங்கள். யார் எதில் திறப்பார்கள் என்றே தெரியாத பொதுச் செயலி என்றால் நிரலைத்தான் பழைய பிரவுசருக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும். பிரவுசரை மாற்றச் சொன்னால் பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள்.